சந்தை நிலையாக இல்லாதபோது ஆண்டு பட்ஜெட் எதற்கு? (உற்பத்தித் துறை, செலவுக் கணக்கு)

காஸ்ட்ஷீட் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வார்ப்பும் கடைசலும் செய்து உதிரிபாகம் தயாரிக்கிற நடுத்தர ஆலை ஒன்றில் செலவுக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இப்போது ஓடுகிற விவாதம், ஆண்டு பட்ஜெட் இனித் தேவையா என்பது.

நிதியாண்டு தொடங்கும்போது ஒரு உலோக விலையை வைத்து ஸ்டாண்டர்டு காஸ்ட் (உருப்படி ஒன்றுக்கு இவ்வளவுதான் ஆக வேண்டும் என்ற செலவு) போடுகிறோம். முதல் காலாண்டு முடிவதற்குள் அந்த விலை எங்கேயோ போய்விடுகிறது. வாடிக்கையாளர் டெலிவரி அட்டவணையை வாரத்துக்கு வாரம் மாற்றுகிறார். மாதாமாதம் தயாரிக்கிற வேரியன்ஸ் (ஸ்டாண்டர்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம்) அறிக்கையில் எல்லா வரியும் சிவப்பு. எல்லாமே சிவப்பாக இருந்தால் யார் எதைப் பார்ப்பார்கள்? கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் "அந்த ஸ்டாண்டர்டே தப்பு" என்பதிலேயே போய்விடும்.

நிதி இயக்குநர் பட்ஜெட்டைத் தூக்கிவிட்டு ரோலிங் ஃபோர்காஸ்ட்டுக்கு (அவ்வப்போது முன்னோக்கிப் புதுப்பிக்கிற கணிப்புக்கு) போகலாம் என்கிறார். நிறுவனர் "பட்ஜெட் இல்லாமல் யாரை எதை வைத்துக் கேள்வி கேட்பது?" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. இதை எதிர்கொண்டவர்கள் என்ன செய்தீர்கள்? ஆய்வு என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

---

ஷிப்ட்பி

உற்பத்திப் பக்கத்தில் இருப்பவன். என் ஓட்டு தூக்குவதற்கு.

போன மாத ஸ்கிராப் (கழிவு) அறிக்கை இந்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் வருகிறது. அதற்குள் அந்த அச்சை மாற்றி, அந்த ஆப்பரேட்டரை வேறு லைனுக்கு அனுப்பி, அந்த ஸ்கிராப்பை மறுபடி உருக்கியும் ஆகிவிட்டது. "ஏன் இவ்வளவு வேரியன்ஸ், விளக்கம் தரவும்" என்று மெயில் வருகிறது. நானும் ஒரு விளக்கம் எழுதி அனுப்புகிறேன். அதை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும், அனுப்பியவருக்கும் தெரியும்.

---

பழைய லெட்ஜர்

காஸ்ட் அக்கவுண்டன்ட்டாகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். தூக்கலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால், உங்கள் பட்ஜெட் என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

முதல் வேலை, அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்ற கணிப்பு. இது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டாவது, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு. இது கொஞ்சம் எம்பினால்தான் கிடைக்க வேண்டும். மூன்றாவது, எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் என்ற ஒதுக்கீடு. நான்காவது, ஆண்டு முடிவில் மேலாளரை எடை போடும் தராசு. இந்த நான்குக்கும் நாம் ஒரே எண்ணைப் போடுகிறோம். ஒரே மாட்டை உழவுக்கும் பாலுக்கும் பந்தயத்துக்கும் கட்டினால் எப்படி?

சந்தை அமைதியாக இருக்கும்போது இந்த நான்கும் ஒன்றையொன்று இடிக்காது. கணிப்பும் இலக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், யாருக்கும் உறுத்தாது. விலை ஆடத் தொடங்கினால்தான் பிரியும். கணிப்பை மாற்றினால் இலக்கு தளர்ந்தது போல் ஆகிறது. இலக்கைப் பிடித்து வைத்திருந்தால் கணிப்பு பொய்யாகிறது. ஒதுக்கீட்டை மாற்ற யாரும் ஒப்புவதில்லை. உங்கள் நிதி இயக்குநர் முதல் வேலையைப் பற்றிப் பேசுகிறார், நிறுவனர் நான்காவதைப் பற்றி. அதனால்தான் இரண்டும் சரியாகப் படுகிறது.

---

ஆய்வுமேசை

இதே தலைப்பில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், அதனால் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலாண்மைக் கணக்கியலில் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது, சூழலுக்கு ஏற்பத்தான் அமையும் என்ற பார்வையை ஓட்லி 1980இல் ஒரு விமர்சனக் கட்டுரையில் அலசினார். வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. பர்ன்ஸும் ஸ்டாக்கரும் 1961இல், ஸ்காட்லாந்தில் எலக்ட்ரானிக்ஸுக்குள் நுழைய முயன்ற நிறுவனங்கள் உள்ளிட்டவற்றைப் பார்த்து, நிலையான சந்தையில் எந்திரம் போன்ற அமைப்பும், மாறும் சந்தையில் நெகிழ்வான அமைப்பும் ஓடுவதைச் சொன்னார்கள்.

சூழலில் நிச்சயமின்மை என்பது ஒற்றைப் பொருள் அல்ல. டங்கன் 1972இல் இரண்டு பரிமாணம் வைத்தார். சூழலில் எத்தனை காரணிகள் இருக்கின்றன என்பது ஒன்று, அவை எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்பது இன்னொன்று. இரண்டில் மாற்றத்தின் வேகம்தான் மேலாளர்களை அதிகம் தடுமாற வைக்கிறது என்பது அவர் கண்டது. மில்லிகன் 1987இல் மூன்றாகப் பிரித்தார். வெளியே என்ன நடக்கப் போகிறது என்று தெரியாதது ஒரு வகை. அது நம்மை எப்படித் தாக்கும் என்று தெரியாதது அடுத்தது. தாக்கினால் என்ன செய்வது, செய்தால் என்ன விளையும் என்று தெரியாதது மூன்றாவது.

காஸ்ட்ஷீட் சொன்ன உலோக விலை முதல் வகை. அது உங்கள் லாபத்தை எப்படித் தொடும் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால் இரண்டாவது வகை கிட்டத்தட்ட இல்லை. வாடிக்கையாளர் அட்டவணை அப்படியல்ல. எந்த மாடல் குறைந்து எந்த மாடல் கூடினால் எந்த எந்திரம் காலியாகும், எங்கே ஓவர்டைம் வரும் என்பது சட்டென்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுக்கு வேலை செய்யாது.

தகவல் பக்கம் பார்த்தால், கார்டனும் நாராயணனும் 1984இல் சொன்னது: சூழல் நிச்சயமற்றது என்று உணர்கிற மேலாளர்கள் வெளித் தகவல், பணத்தில் அளக்காத தகவல், வருவதை முன்கூட்டிச் சொல்லும் தகவல் மூன்றையும் அதிகம் பயனுள்ளதாகக் கருதுகிறார்கள். செனாலும் மாரிஸும் 1986இல் இதை விரித்தபோது, பரந்த தகவலோடு உடனுக்குடன் வரும் தகவலும் நிச்சயமின்மையோடு தொடர்புடையதாக இருந்தது. ஷிப்ட்பி பத்தாம் தேதி அறிக்கை பற்றிப் புலம்பியதற்கு ஏறக்குறைய நாற்பது வருட ஆய்வு துணை நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இவற்றில் பெரும்பாலானவை மேலாளர் *உணர்கிற* நிச்சயமின்மையை வினாத்தாள் வைத்து அளந்தவை. வெளியே நிஜமாக எவ்வளவு ஆட்டம் என்பது வேறு விஷயம்.

---

ஷிப்ட்பி

நாற்பது வருடம் துணை நின்றும் அறிக்கை இன்னும் பத்தாம் தேதிதான் வருகிறது, மேடம். 🙂

சரி, திங்கட்கிழமை காலையில் எதை மாற்றுவது? யாராவது அதைச் சொல்லுங்கள்.

---

பழைய லெட்ஜர்

வேரியன்ஸிலிருந்து தொடங்கலாம். அங்கேதான் சண்டை, அங்கேதான் சரிசெய்வதும் சுலபம்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கிலோ உலோகத்துக்கு 100 என்று ஸ்டாண்டர்டு வைத்தீர்கள். (எந்த நாணயமானாலும் சரி, எண்ணை மட்டும் பாருங்கள்.) அந்த மாதம் 2,000 கிலோ வாங்கினீர்கள், கிலோ 130 வீதம். வழக்கமான அறிக்கை என்ன சொல்லும்? விலை வேரியன்ஸ் 60,000, பாதகம். பர்ச்சேஸ் மேலாளர் தலைகுனிந்து நிற்பார்.

அந்த மாதம் சந்தையில் அதே தரத்துக்கு நிலவிய விலை 135 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதை இரண்டாகப் பிரியுங்கள். 100க்கும் 135க்கும் உள்ள வித்தியாசம் 2,000 கிலோவுக்கு 70,000. இது திட்டமிடல் வேரியன்ஸ். இதற்கு ஆலைக்குள் யாரும் பொறுப்பல்ல, நமது அனுமானம் சந்தையோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். 135க்கும் 130க்கும் உள்ளது 10,000, சாதகம். இது செயல்பாட்டு வேரியன்ஸ், பர்ச்சேஸ் மேலாளருடையது. தலைகுனிந்து நின்றவர் உண்மையில் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார்.

நடந்து முடிந்தபின் தெரிந்த நிலவரத்தை வைத்து ஸ்டாண்டர்டைத் திருத்தி அதோடு ஒப்பிடும் இந்த யோசனையை டெம்ஸ்கி 1967லேயே எழுதிவிட்டார். பாடத்தில் எல்லோரும் படித்துத் தேறுகிறோம். ஆலைக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் மென்பொருளில் ஸ்டாண்டர்டு என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. இன்னொரு கட்டம் சேருங்கள். கையிருப்பு மதிப்பீட்டுக்கு ஒன்று, மதிப்பாய்வுக்கு ஒன்று.

---

கொள்முதல்காரன்

பர்ச்சேஸ் மேலாளர் தலைகுனிந்து நிற்பதாக எழுதியதால் நானே வந்துவிட்டேன்.

பிரிப்பது நல்ல யோசனைதான், ஆனால் அந்த 135ஐ யார் சொல்வது? நான் சொன்னால் 140 என்பேன். கணக்குப் பிரிவு சொன்னால் 128 என்று எங்கிருந்தாவது கொண்டுவருவார்கள். அதனால் எந்த விலைக் குறியீடு, மாத சராசரியா கடைசி நாள் விலையா, செய்கூலியும் சரக்குக் கட்டணமும் அதில் சேர்த்தியா இல்லையா என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். விலை ஏறிய பிறகு பேசினால் அது பேரம், கணக்கு அல்ல.

குறியீட்டையே நம்ப முடியாத நாளும் உண்டு. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தையே வர்த்தகத்தை நிறுத்தி, அன்று நடந்த பேரங்களை ரத்து செய்தது. அந்த வாரம் எந்த எண்ணை "சந்தை விலை" என்று அறிக்கையில் போடுவீர்கள்? இப்படிப்பட்ட நாளுக்கு என்ன விதி என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் இன்னும் தொடாதது. உலோக விலை ஏறினால் வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்ள ஒப்பந்தத்தில் ஷரத்து வைத்திருக்கிறோம், பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை, முந்தைய காலாண்டின் சராசரியை வைத்து. அதாவது இன்று ஏறின விலை எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வரும். விலை ஏறும் காலாண்டில் நஷ்டம் போலத் தெரியும், இறங்கும் காலாண்டில் கொள்ளை லாபம் போலத் தெரியும். இரண்டுமே நிழல். இந்தக் காலத் தாமதத்தின் விளைவைத் தனி வரியாகக் காட்டாத மாத அறிக்கையை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. விலை இறங்கிய காலாண்டில் "மார்ஜின் நன்றாக இருக்கிறதே" என்று கோட் விலையை (வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையை) குறைத்துவிட்டு, ஏறும்போது அழுத ஒரு நிறுவனத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

---

காஸ்ட்ஷீட்

கால தாமத வரி! இது எங்களிடம் இல்லை. குறித்துக்கொண்டேன்.

அடுத்த தலைவலி: ஆர்டர் குறைந்த மாதங்களில் ஓவர்ஹெட் ரேட் (உருப்படி ஒன்றின் மேல் ஏற்றும் பொதுச் செலவு) ஏறிவிடுகிறது. அந்த ரேட்டை வைத்து விற்பனைப் பிரிவு கோட் செய்கிறது. விலை கூடுதல் என்று ஆர்டர் இன்னும் குறைகிறது. அடுத்த மாதம் ரேட் இன்னும் ஏறுகிறது.

---

பழைய லெட்ஜர்

இது சுழல். காலி எந்திரத்தின் செலவை ஓடுகிற பொருளின் தலையில் கட்டுவதால் வருவது. கேன்ட் விளக்கப்படத்தால் பெயர் தெரிந்த ஹென்றி கேன்ட் 1915இலேயே இதைக் கண்டித்து எழுதினார். ஒரு பொருளை உற்பத்தி செய்யத் தேவையான செலவு மட்டும்தான் அந்தப் பொருளின் செலவு, சும்மா நிற்கும் ஆலையின் செலவு வேறு கணக்கு என்பது அவர் வாதம். நூறு வருடத்துக்கு மேலாகியும் இதே குழியில்தான் விழுகிறோம்.

எண்ணில் பாருங்கள். மாத நிலையான ஓவர்ஹெட் 12,00,000. வழக்கமான கொள்ளளவு 1,00,000 உருப்படி. ஒன்றுக்கு 12. இந்த மாதம் 60,000தான் ஓடியது. நீங்கள் செய்வது 12,00,000ஐ 60,000ஆல் வகுப்பது, ஒன்றுக்கு 20 வருகிறது. செய்ய வேண்டியது, 60,000 உருப்படிக்கும் அதே 12 வீதம் 7,20,000 ஏற்றிவிட்டு, மீதி 4,80,000ஐ "பயன்படாத கொள்ளளவு" என்று லாப நஷ்டக் கணக்கில் தனியாகக் காட்டுவது. கோட் போடும் கையில் 12தான் இருக்கும். 4,80,000 எம்.டி. மேசையில் இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், கடைசல் பிரிவு சூப்பர்வைசர் அல்ல.

இது வெறும் நிர்வாக வசதி என்று நினைக்க வேண்டாம். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2 கையிருப்பு மதிப்பீட்டுக்கே இதைத்தான் சொல்கிறது. நிலையான உற்பத்தி ஓவர்ஹெட்டை வழக்கமான கொள்ளளவை வைத்துப் பகிர வேண்டும், உற்பத்தி குறைந்ததற்காக உருப்படி ஒன்றின் பங்கை உயர்த்தக் கூடாது, ஏற்றாமல் மிஞ்சியதை அந்தக் காலத்துச் செலவாக எழுத வேண்டும். உற்பத்தி வழக்கத்துக்கு மீறிக் கூடினால் பங்கைக் குறைக்கவும் சொல்கிறது, இல்லாவிட்டால் கையிருப்பு ஆன செலவுக்கு மேல் மதிப்பாகிவிடும்.

---

ஷிப்ட்பி

"வழக்கமான" கொள்ளளவு எது என்று யார் சொல்வது? வழக்கம் என்று ஒன்று இருந்து எவ்வளவு காலமாயிற்று?

---

பழைய லெட்ஜர்

நியாயமான கேள்வி. தரநிலை சொல்வது, வழக்கமான சூழலில் பல காலங்களின் அல்லது பருவங்களின் சராசரி, திட்டமிட்ட பராமரிப்புக்காக இழக்கும் நேரத்தைக் கழித்து. அந்தச் சராசரிக்குள் 2020ஐச் சேர்க்கலாமா என்று தணிக்கையாளரோடு மல்லுக்கட்டாத ஆலை குறைவு. என் கருத்து: மதிப்பீட்டுக்குத் தணிக்கையாளர் ஏற்கும் சராசரியை வையுங்கள், உள்ளே முடிவெடுக்க நடைமுறையில் ஓடக்கூடிய உச்சக் கொள்ளளவை வையுங்கள். சந்தை மாறினாலும் எந்திரத்தின் உச்சம் மாறாது, அதனால் மாதங்களை ஒப்பிட அது நிற்கும்.

---

எக்செல்வாசி

ரோலிங் ஃபோர்காஸ்ட் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. நான் அமைத்து நடத்தியிருக்கிறேன். இரண்டே விஷயம் சொல்கிறேன்.

பட்ஜெட்டைக் கைவிட்டதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஸ்வீடனின் ஹாண்டல்ஸ்பாங்கென். அது வங்கி. உருக்கும் உலையும் இல்லை, ஸ்கிராப்பும் இல்லை. ஆலைக்காரர்கள் பார்க்க வேண்டியது பொரியாலிஸ். பிளாஸ்டிக் மூலப்பொருள் தயாரிக்கும் நிறுவனம், மார்ஜின் எண்ணெய் விலையோடு ஆடும், நம் எல்லோரையும் விட மோசமான நிலை. 1990களின் நடுவில் ஆண்டு பட்ஜெட்டை விட்டார்கள். ஆனால் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. கணிப்புக்குக் காலாண்டுதோறும் ஐந்து காலாண்டை முன்னோக்கிப் பார்க்கும் ஃபோர்காஸ்ட், இலக்குக்கு ஸ்கோர்கார்டு (முக்கிய அளவுகளின் பட்டியல்), செலவுக்குச் செயல் அடிப்படைக் கணக்கு (எந்த வேலைக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பது), முதலீட்டுக்குத் தனி முறை. பழைய லெட்ஜர் ஐயா பிரித்துக் காட்டிய வேலைகளைத்தான் அவர்கள் ஆளுக்கொரு கருவிக்குக் கொடுத்தார்கள். "பட்ஜெட்டைத் தூக்கினார்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால் பாதிக் கதைதான்.

இரண்டாவது, ஃபோர்காஸ்ட்டில் பட்ஜெட்டின் எல்லா வரியையும் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் வருடத்துக்கு ஒரு பட்ஜெட்டுக்குப் பதில் நான்கு பட்ஜெட் போடுவீர்கள், ஜனங்கள் ஓடிவிடுவார்கள். உலோக விலை, அட்டவணைப்படி டன், மகசூல், மின்சார யூனிட், ஓவர்டைம் மணி, சரக்குக் கட்டணம் என்று ஆட்டுவிக்கிற காரணிகள் கைவிரலுக்குள் அடங்கும். அவற்றை மட்டும் புதுப்பியுங்கள், மற்றதைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும். எங்கள் ஃபைலில் வரி எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் உற்பத்திப் பிரிவு எண்களைத் தானாகவே நேரத்துக்கு அனுப்பத் தொடங்கியது.

---

கொள்முதல்காரன்

ஃபோர்காஸ்ட்டை போனஸோடு கட்டாமல் இருந்தால் சரி. கட்டிய அன்றே அது ஃபோர்காஸ்ட் அல்ல, பேரம்.

---

ஆய்வுமேசை

கொள்முதல்காரன் தொட்ட இடம்தான் இந்தத் துறையில் ரொம்ப காலம் சண்டை நடந்த இடம்.

ஹாப்வுட் 1972இல் ஒரு பெரிய அமெரிக்க எஃகு நிறுவனத்தின் செலவு மையங்களை (செலவுக்கு மட்டும் பொறுப்பான பிரிவுகளை) பார்த்தார். பட்ஜெட் எண்ணைப் பிடித்தாயா இல்லையா என்று மட்டும் வைத்து மதிப்பிட்ட இடங்களில் மன அழுத்தம், மேலதிகாரியோடு உரசல், எண்ணைத் திருகுவது எல்லாம் கூடியிருந்தன. ஓட்லி 1978இல் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் பார்த்தார், அப்படி வரவில்லை. சொல்லப்போனால் கண்டிப்பான மதிப்பீடு இருந்த இடத்தில் பட்ஜெட்டுக்கு நெருக்கமாகவே முடித்தார்கள். ஏன் இந்த முரண்? ஹாப்வுட் பார்த்தவை ஒன்றோடொன்று பிணைந்த செலவு மையங்கள், ஒருவர் சொதப்பினால் அடுத்தவர் கணக்கில் விழும். ஓட்லி பார்த்தவை ஓரளவு தனித்து நிற்கும் லாப மையங்கள் (வரவு செலவு இரண்டுக்கும் பொறுப்பானவை). வார்ப்புப் பிரிவு தாமதமாக்கினால் கடைசல் பிரிவுக்கு ஓவர்டைம் விழுகிற உங்கள் ஆலை முதல் வகை.

கோவிந்தராஜன் 1984இல் இதைச் சூழலோடு இணைத்தார். நிச்சயமின்மை கூடக் கூட, மேலதிகாரிகள் சூத்திரத்தை விட்டுச் சொந்தத் தீர்ப்பை வைத்து மதிப்பிடுவது கூடுகிறது.

இங்கேதான் பலர் தப்பான முடிவுக்கு வருகிறார்கள், "அப்படியானால் பட்ஜெட்டைக் குறைத்துப் பயன்படுத்து" என்று. சைமன்ஸ் ஜான்சன் அண்ட் ஜான்சனைப் பற்றி 1987இல் எழுதியது நேர் எதிரானது. அங்கே பட்ஜெட்டையும் நீண்டகாலத் திட்டத்தையும் வருடத்தில் பலமுறை திருப்பித் திருப்பிப் பேசினார்கள். யாரைப் பிடிப்பது என்பதற்காக அல்ல, எந்த அனுமானம் உடைந்தது, இப்போது என்ன செய்யலாம் என்பதற்காக. சூழல் ஆடும்போது நன்றாகச் சமாளிக்கிற நிறுவனங்களில் பட்ஜெட்டைப் பற்றிய பேச்சு கூடுகிறது, பட்ஜெட்டை வைத்துக் கொடுக்கும் தண்டனை குறைகிறது. கைவிடுவதைவிடச் சீர்செய்வதைத்தான் பெரும்பாலோர் தேர்வு செய்கிறார்கள் என்று லிபியும் லிண்ட்சேயும் 2010இல் வட அமெரிக்க நிறுவனங்களிடம் நடத்திய கருத்தாய்வும் காட்டியது.

---

ஷிப்ட்பி

பேச்சு கூடினால் எனக்கு எந்திரம் பார்க்க நேரம் எப்போது கிடைக்கும்?

கிண்டல் இருக்கட்டும். எங்களிடம் வேலை செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் நான்கு எண் மட்டும் பலகையில் எழுதுகிறோம்: நல்ல உருப்படி, ரிஜெக்ஷன், எந்திரம் நின்ற நிமிடம், ஓவர்டைம் மணி. கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து ரிஜெக்ஷன் எடைக்கும் ஓவர்டைம் மணிக்கும் பக்கத்தில் தோராயமான பண மதிப்பு எழுதிவிட்டுப் போவார். இறுதிக் கணக்கோடு கொஞ்சம் வித்தியாசம் வரும், யாரும் கவலைப்படுவதில்லை. மூன்றாவது ஷிப்டில் ரிஜெக்ஷன் ஏறுவது மறுநாள் காலை தெரிந்துவிடும். போன முறை அப்படி ஏறியபோது மணல் ஈரப்பதம் என்று அன்றே கண்டுபிடித்தோம். மாத அறிக்கைக்குக் காத்திருந்தால் அது "இதர காரணம்" என்று போயிருக்கும்.

---

பழைய லெட்ஜர்

தம்பி, இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த மேலாண்மைக் கணக்கை நீங்கள்தான் ஒழுங்காக நடத்துகிறீர்கள்.

---

காஸ்ட்ஷீட்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடம் இன்னும் இடிக்கிறது. எங்களுக்குக் கடன் தந்த வங்கி ஆண்டு பட்ஜெட் கேட்கிறது, கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம், நிறுவனரின் கேள்வி அப்படியே நிற்கிறது: யாரை எதை வைத்துக் கேட்பது?

---

ஆய்வுமேசை

வங்கிக்கு ஒன்று கொடுங்கள், அதனால் உள்ளேயும் அதுதான் ஆள வேண்டும் என்றில்லை. ஆனால் நடைமுறையில் வெளியே கொடுத்த எண் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கணக்குமுறை மாறாமல் இருப்பதற்குக் காரணம் பல சமயம் பழக்கம்தான் என்று பர்ன்ஸும் ஸ்கேப்பன்ஸும் 2000இல் எழுதினார்கள். (1961 பர்ன்ஸ் அல்ல, வேறொருவர்.) புதிய அறிக்கை வந்தாலும், கூட்டத்தில் முதல் கேள்வி பழையதாகவே இருந்தால் பழைய முறைதான் ஓடும். உங்கள் நிறுவனர் கூட்டத்தைத் தொடங்கும் முதல் கேள்வியை மாற்ற முடியுமா பாருங்கள்.

---

எக்செல்வாசி

மூன்று சூழ்நிலை போட்டு வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். போடுவார்கள், ஃபைல் தூங்கும். ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு தூண்டு எண் வையுங்கள். உதாரணமாக, அட்டவணை தொடர்ந்து இரண்டு வாரம் வழக்கமான கொள்ளளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓவர்டைம் முழுக்க நிற்கும், புது எந்திர ஆர்டர் தள்ளிப்போகும், யாரும் கூட்டம் கூட்டி அனுமதி கேட்க வேண்டாம். மில்லிகனின் மூன்றாவது வகைக்கு, அதாவது என்ன செய்வதென்று தெரியாத நிலைக்கு, இதுதான் மலிவான மருந்து. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் பாதை அடைபட்டபோது, சரக்கை விமானத்தில் கொண்டுவரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவே அந்த ஆறு நாளையும் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு வரை விமானக் கட்டணம் கொடுத்தால் லைன் நிற்பதைவிட லாபம் என்ற ஒரு எண் முன்பே கையில் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

---

கொள்முதல்காரன்

நிறுவனர் கேள்விக்கு என் பதில். என்னைச் செயல்பாட்டு வேரியன்ஸுக்குக் கேளுங்கள், குறியீட்டை முன்பே எழுதிவைத்து. ஷிப்ட்பியை மகசூலுக்கும் நின்ற நிமிடத்துக்கும் கேளுங்கள், அவை அளவில் இருக்கட்டும், விலையை அவர் தலையில் போடாதீர்கள். காலிக் கொள்ளளவுக்கு விற்பனைத் தலைவரையும் எம்.டி.யையும் கேளுங்கள். திட்டமிடல் வேரியன்ஸுக்கு, ஸ்டாண்டர்டு போடும் கூட்டத்தில் உட்கார்ந்த எல்லோரையும் ஒரே மேசையில் வைத்துக் கேளுங்கள். அதில் நிறுவனரும் உண்டு என்பதை மட்டும் அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

---

காஸ்ட்ஷீட்

அந்தக் கடைசி வரியை நிதி இயக்குநரை விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

இந்தக் காலாண்டுக்கு எடுத்துக்கொள்வது: மதிப்பாய்வுக்குத் தனி ஸ்டாண்டர்டு, கால தாமத வரி, காலிக் கொள்ளளவு தனியாக. ரோலிங் ஃபோர்காஸ்ட் அடுத்த காலாண்டில், காரணிகளை மட்டும் வைத்து. குறியீட்டுத் தாளின் முதல் வரைவை நாளை போடப் போகிறேன். கொள்முதல்காரன் சார், செய்கூலியையும் சரக்குக் கட்டணத்தையும் குறியீட்டுக்குள் வைப்பதா வெளியே வைப்பதா, நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

---

கொள்முதல்காரன்

சரக்குக் கட்டணம் வெளியே, தனி வரி. அது உலோகத்தோடு சேர்ந்து ஆடாது, தனியாக ஆடும். செய்கூலி ஒப்பந்தப்படி நிலையானதாக இருந்தால் அதையும் வெளியே வையுங்கள். அலாய் சர்சார்ஜ் (கலப்பு உலோகத்துக்கான கூடுதல் கட்டணம்) இருந்தால் உள்ளே. சப்ளையர் அதை எந்த மாத சராசரியில் போடுகிறார் என்று முதலில் பாருங்கள், உங்கள் குறியீடும் அதே மாதமாக இருக்கட்டும்.